முழுவியளத்துக்கு வந்த அம்மம்மா

கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படித்து முடித்த எனக்கு, 2022 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்தது. இலங்கையின் பொருளாதார நெருக்கடியில், ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டுவிட்டதால், எங்கள் சேமிப்பு கையில் இருக்கும்போதே கரைந்தது. தாலிக்கொடியைத் தவிர அம்மாவின் நகைகள் அனைத்தும் என் கட்டணத்துக்குப் போயின. காசநோய் பரிசோதனை, வீசா என்று அலைந்த கதை எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதால் அதை விடுகிறேன்.

புறப்படுவதற்கு நான்கு நாட்கள் இருக்கும்போது, கன்னியாவுக்குப் போகவேண்டும் என்று அம்மம்மா கேட்டார். முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோல் மட்டும் கிடைத்த காலம் அது. அதிலேதான் பிழைப்பு நடத்திய பக்கத்து வீட்டு அண்ணா, அந்தப் பங்கிலிருந்து எங்களைக் கூட்டிச் சென்றார். காசு வாங்க மறுத்துவிட்டார். அவருக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

கன்னியாவில் ஏழு கிணறுகள். ஒவ்வொன்றிலும் வெந்நீரின் சூடு வேறு. இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்று சொல்லப்படுவதால், எங்கள் பகுதியில் பலர் இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியைகளை அங்கே செய்வார்கள். அப்பப்பாவுக்கும் அம்மப்பாவுக்கும் அங்கேதான் செய்தோம். சூடு குறைந்த கிணற்றில் ஒரு வாளி அள்ளி என் தலையில் ஊற்றிய அம்மம்மா, முந்தானையால் என் காதோரத்தைத் துடைத்தபடி, நாளைய சமையலைப் பற்றிப் பேசுகிற அதே குரலில் சொன்னார்: "பிள்ளை, எனக்கு ஏதும் நடந்தால் ரிக்கெற் எடுத்துக்கொண்டு ஓடி வந்திராதே. படிப்பை முடி. கொண்ணன் இஞ்ச எல்லாம் செய்வான்." எனக்குப் பதில் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அடுத்த இரண்டு நாட்களும் எரிவாயு கிடைக்காமல் விறகடுப்பில் அம்மம்மாவே மிளகாயும் மல்லியும் வறுத்தார். பயணப்பெட்டி 30 கிலோவுக்கு மேல் போகக் கூடாதென்று என் அண்ணா தராசும் கையுமாக நிற்க, புத்தகங்களை வெளியே எடுத்துவிட்டு இரண்டு கிலோ தூளை வைத்தேன். இன்றும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

இரவுப் புகையிரதத்துக்குப் புறப்படும் நேரம். பயணம் புறப்படுபவருக்கு நல்ல சகுனமாக ஒருவர் எதிரே வருவதை நாங்கள் முழுவியளம் என்போம். பத்திரகாளி அம்மன் கோயில் திருநீற்றை அம்மா பூசிவிட்டார். வாசலில் மாமிமார் நின்றார்கள். அம்மம்மாவைக் காணவில்லை. குசினிக்குள் போய்ப் பார்த்தேன். அணைந்த அடுப்பின் பக்கத்தில், கதவுக்குப் பின்னால், சேலையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றிருந்தார். "நான் முழுவியளத்துக்கு ஆகாது ராசாத்தி, நீ போ" என்றார். அம்மப்பா இறந்த பின் எங்கள் வீட்டின் எந்த நல்ல காரியத்துக்கும் அவர் முன்னால் வந்ததில்லை என்பது, இருபத்து மூன்று வயதில், அந்தக் கதவடியில்தான் எனக்கு உறைத்தது. கலியாண வீடுகளில் அவர் எப்போதும் குசினியில் இருந்ததை, சமையலில் உள்ள விருப்பம் என்று நினைத்திருந்தேன்.

நீங்கள் எதிரே வராவிட்டால் நான் படி இறங்கமாட்டேன் என்று சொன்னேன். மூத்த மாமியின் முகம் மாறியது. புகையிரதத்துக்கு நேரமாகிறது என்றார் அண்ணா. அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய், செம்பு நிறையத் தண்ணீர் எடுத்து வந்து அம்மம்மாவின் கையில் கொடுத்தார்.

அம்மம்மா பின்பக்கத்தால் சுற்றி வெளிவாசல் படலையடிக்கு வந்து, அங்கிருந்து என்னை நோக்கி நடந்தார். செம்பு நடுங்கித் தண்ணீர் அவர் காலில் சிந்தியது. நான் வலது காலை எடுத்து வைத்தேன்.