பழைய கார், தேர்டு பார்ட்டி பாலிசி, ஏற்காடு மலைப்பாதை: இந்தக் காப்பீடு போதுமா?

கேள்வி: அஸ்தம்பட்டிக்காரன்

வணக்கம். சேலத்திலேயே ஒருவரிடம் 1,197 சிசி பெட்ரோல் கார் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கியாகிவிட்டது, ஆனால் ஆர்.சி. இன்னும் விற்றவர் பெயரில்தான் இருக்கிறது. காப்பீடும் அவர் பெயரில் உள்ள தேர்டு பார்ட்டி மட்டுமே. மாமனார் வீடு ஏற்காட்டில் இருப்பதால் மனைவி, பிள்ளைகளோடு அடிவாரம் வழியாக அடிக்கடி மேலே போக வேண்டியுள்ளது. சோதனைச் சாவடியில் காட்ட இந்தப் பாலிசி போதுமா? மலையில் ஏதாவது நேர்ந்தால் இது எதற்கெல்லாம் பணம் தரும்? அக்கம்பக்கத்தார் சிலர் பெட்ரோல் காசு தருகிறோம், ஏற்றிச் செல்லுங்கள் என்கிறார்கள். அதில் ஏதும் சிக்கல் உண்டா?

பதில் 1: சூரமங்கலம் காப்பீட்டு முகவர்

சோதனைச் சாவடிக்குப் போதும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு கட்டாயமாகக் கேட்பது மூன்றாம் தரப்புக் காப்பீட்டை மட்டுமே. அதுவும் இல்லாமல் பிடிபட்டால் 196-ஆம் பிரிவின்படி முதல் முறை 2,000 ரூபாய், மறுமுறை 4,000 ரூபாய் அபராதம். சிறைத் தண்டனைக்கும் அதில் இடமுண்டு. வண்டி கைமாறும்போது பாலிசியும் வாங்கியவருக்கு மாறியதாகவே 157-ஆம் பிரிவு கருதுகிறது. என்றாலும் 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிப் பெயரை மாற்ற வேண்டும், ஆர்.சி. மாற்றத்துக்கு 30 நாட்கள். விபத்து நடந்தால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், உண்மையில் உங்களைவிட விற்றவருக்குத்தான் இதில் அவசரம் இருக்க வேண்டும்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. எதிரே வந்தவருக்குக் காயமோ மரணமோ ஏற்பட்டால் இந்தப் பாலிசி வரம்பின்றி இழப்பீடு தரும். அவருடைய உடைமைக்கு 7.5 லட்சம் வரை தரும். உங்கள் காருக்கு ஒரு காசும் வராது. இதுவரை பெரும்பாலோருக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், காருக்குள் உட்கார்ந்து வரும் உங்கள் மனைவியும் பிள்ளைகளும் இந்தப் பாலிசியின் கணக்கில் மூன்றாம் தரப்பினர் அல்லர். சொந்தக் காரில் வருபவர்களுக்கான பொறுப்பு ஃபுல் கவர் பாலிசியில்தான் (நம் காரின் சேதத்தையும் சேர்த்து ஏற்கும் பாலிசி) உண்டு, தேர்டு பார்ட்டி மட்டும் உள்ள பாலிசியில் இல்லை என்பதை 2012-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. ஓட்டுபவருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் ஆர்.சி.யிலும் பாலிசியிலும் பெயர் உள்ள உரிமையாளருக்கே உரியது; ஆகவே இன்றைய நிலையில் உங்களுக்கு அதுவும் கிடையாது.

பெயரை மாற்றும் கையோடு ஃபுல் கவர் எடுத்துவிடுங்கள். நிறுவனத்தார் வண்டியை நேரில் பார்த்துப் படம் எடுத்த பிறகே தருவார்கள். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்கான பிரீமியத் தள்ளுபடி) அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது. கொஞ்சம் கூடுதலாகக் கட்டி ஜீரோ டெப்ரிசியேஷனும் (பாகங்களின் விலையில் தேய்மானம் கழிக்காமல் தரும் வசதி) சேர்த்துக்கொள்வது நல்லது. கொண்டை ஊசி வளைவின் கைப்பிடிச் சுவரில் முதலில் உரசுவது பம்பர். அது பிளாஸ்டிக் என்பதால் சாதாரண ஃபுல் கவரில் அதன் விலையில் பாதியைக் கழித்துவிடுவார்கள். அதற்கு மேல், 1,500 சிசி வரையுள்ள கார்களுக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் 1,000 ரூபாய் நம் கையிலிருந்துதான்.

பதில் 2: மலைப்பாதை ஓட்டுநர்

பாலிசி பற்றி ஐயா விரிவாகச் சொல்லிவிட்டார். நான் ஓட்டுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை, இறங்கும்போதுதான் வினை. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுபவர்களும், மூன்றாவது கியரில் பிரேக்கை மிதித்தபடியே வருபவர்களும் பாதி வழியில் கருகல் வாடையை உணர்வார்கள். அந்நேரம் பிரேக் பெடல் பஞ்சுபோல் உள்ளே போகத் தொடங்கியிருக்கும். வாடை வந்ததுமே அகலமான இடமாகப் பார்த்து ஒதுக்கி நிறுத்தி, சக்கரம் தானாக ஆறும்வரை காத்திருங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது வளைந்துவிடும்.

பாதை குறுகும் இடத்தில் இறங்குபவர்தான் ஏறுபவருக்கு வழிவிட வேண்டும், இது விதி. பேருந்து திரும்ப வளைவின் முழு அகலமும் தேவைப்படும் என்பதால், ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். பனிமூட்டத்தில் ஹைபீம் போட்டால் வெள்ளைத் திரைதான் தெரியும், லோபீம் போதும். குரங்குக்குத் தீனி போட வளைவிலேயே காரை நிறுத்துகிறவர்களை என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

பதில் 3: கோரிமேடு வாசகி

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டவர் யாராக இருந்தாலும், 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்: நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். எனவே பாலிசியைத் தேடிக்கொண்டிருக்காமல் முதலில் 108-ஐ அழையுங்கள்.

பதில் 4: சூரமங்கலம் காப்பீட்டு முகவர்

பெட்ரோல் காசு பற்றிய கேள்வியை விட்டுவிட்டேன். உறவினரும் நண்பரும் சேர்ந்து போய்ச் செலவைப் பங்கிடுவதில் தவறில்லை. தலைக்கு இவ்வளவு என்று வாங்கி ஏற்றிச் சென்றால் அது வாடகை. வெள்ளை எண் பலகை வண்டியின் பாலிசி வாடகைக்கு ஓட்டுவதை ஏற்காது. அடிபட்டவருக்கு நிறுவனம் பணம் கொடுக்க நேர்ந்தாலும், அதை உங்களிடம் திரும்ப வசூலிக்க நீதிமன்றம் அனுமதிக்கக்கூடும். கேட்பவர்களுக்கு மஞ்சள் பலகை டாக்சியைக் கைகாட்டிவிடுங்கள்.