புதுப்பிப்பு: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் விரதமும், மாத்திரை விஷயம்

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத் துடிப்பு தாளம் தப்பும் கோளாறு, உள்ளவர்கள் இரவு 7 மணிக்குச் சாப்பாட்டை முடித்து மறுநாள் காலை 11 மணிவரை விரதம் இருப்பது பற்றி முந்தைய பதிவில் எழுதியிருந்தேன். மாத்திரையை ஒரே வரியில் முடித்தது தப்பு. கடலூர், புதுச்சேரிப் பக்கம் சஷ்டி, கிருத்திகை விரதக்காரர்கள் கேட்டதும் அதைத்தான்.

ரிவராக்ஸபான் 15, 20 மி.கி. மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் முழுசாக உடம்பில் சேராது. ரத்தம் உறையாமல் காக்கும் வேலை அரைகுறையாகிவிடும். விரதம் விடும் முழுச் சாப்பாட்டோடு, தினமும் அதே நேரத்தில் போடுங்கள். ஒரு டம்ளர் மோர் சாப்பாட்டுக் கணக்கில் வராது! ரத்தம் உறையாமல் காக்கும் இன்னொரு மாத்திரையான அபிக்ஸபானுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் இரண்டு வேளையும் தவறக்கூடாது. அதே வேலைக்கு வார்ஃபரின் போடுபவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனை அளவு) தடுமாறும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் அளவை மாற்றிக்கொள்ளாமல் விரதத்தை ஆரம்பிக்கவே கூடாது.

பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் வேண்டாம். நம்ம ஊர் மே மாதப் புழுக்கத்தில் நீர் வற்றினாலே படபடப்பு கிளம்பும். இளநீர் நல்லதுதான், ஆனால் சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் மாத்திரை சாப்பிட்டாலோ பொட்டாசியம் ஏறிவிடும், கேட்டுக் குடியுங்கள்.

நாடியை 15 விநாடி எண்ணி நாலால் பெருக்காதீர்கள். தாளம் தப்பிய நாடியை 60 விநாடியும் எண்ண வேண்டும்.

என்னைக் கேட்டால் விரத மணிக்கணக்கைவிட எடைதான் முக்கியம். 2015இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், 10 சதவீதமாவது எடை குறைத்து அதைக் காத்தவர்களுக்கே தாளம் தப்பாமல் இருக்கும் பலன் அதிகம். 90 கிலோ என்றால் 9 கிலோ. புதுச்சேரியில் மலிவாகக் கிடைக்கும் மதுவையும் நிறுத்த வேண்டும்.

மயக்கம், நெஞ்சுவலி, வாய் கோணல், ஒரு பக்கக் கை தளர்ச்சி: விரதம், நேரம் எதுவும் பார்க்காமல் 108.