சுகர் இருக்கும் அப்பா கந்த சஷ்டி விரதம் இருக்கிறார், மாத்திரையை என்ன செய்வது?

பாளை மகள்:

அப்பாவுக்கு 67 வயது. சுகருக்கு கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரையைக் காலையிலும் இரவிலும் போடுகிறார். பிரஷர் மாத்திரை தனி. அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது முருகனிடம் வேண்டிக்கொண்டு சஷ்டி விரதத்தை ஆரம்பித்தார். அதன்பிறகு ஒரு வருடமும் விட்டதில்லை. ஆறு நாளும் பகலில் வெறும் தண்ணீர், ராத்திரி ஒரு டம்ளர் பாலும் இரண்டு வாழைப்பழமும். கடைசி நாள் திருச்செந்தூர் போய், சூரசம்ஹாரம் பார்த்து, கடலில் குளித்த பிறகுதான் சாப்பாடு.

போன வருடம் விரதத்துக்கு நடுவில் ஒரு மத்தியானம், அம்மா ஏதோ கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். சட்டை முதுகோடு ஒட்டிப்போகும் அளவுக்கு வியர்வை. அம்மா சீனியைக் கரைத்துக் கொடுத்ததும் தெளிந்துவிட்டார், மறுநாளும் விரதத்தைத் தொடர்ந்தார்.

டாக்டரிடம் சொல்வோம் என்றால், "விரதமே கூடாதுன்னு திட்டுவார், வாயைத் திறக்காதே" என்கிறார். அவரை விரதத்தை விடச் சொல்ல எனக்கும் மனசு வரவில்லை. மாத்திரையை அப்படியே போடலாமா, குறைக்கலாமா?

வேலவன் துணை:

ஆறு நாளும் மாத்திரையை நிறுத்திவிடுங்கள். சாப்பிடாதவருக்கு எப்படி சுகர் ஏறும்? நான் அப்படித்தான் இருக்கிறேன், இதுவரை ஒன்றும் ஆனதில்லை.

ரிட்டயர்டு ஸ்டாஃப் நர்ஸ்:

தங்கச்சி, நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், குறைக்கவும் வேண்டாம். சாப்பிடாமல் இருந்தாலும் ஈரல் தன் இருப்பிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டேதான் இருக்கும். அதனால் பட்டினியிலும் சுகர் ஏறலாம். இன்சுலின் போடுகிறவர்கள் அடியோடு நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

அதற்காக முழு மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடப்பதும் சரியில்லை. அப்பாவின் மாத்திரையில் இருப்பது இரண்டு மருந்து. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சுகர் ரொம்ப இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படி இல்லை. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். நீங்கள் எழுதியதைப் படித்தால் போன வருடம் வந்தது அநேகமாக லோ சுகர்தான். காலையில் போட்ட மாத்திரை, பகல் முழுக்க வெறும் வயிறு. இரண்டும் சேர்ந்தால் மத்தியானம் அப்படித்தான் ஆகும்.

டாக்டரிடம் சொல்லாமல் இருப்பதுதான் இதில் பெரிய ஆபத்து. வார்டில் இருந்தபோது இதை நிறையப் பார்த்திருக்கிறேன். திட்டுக்குப் பயந்து விரதத்தை மறைப்பார்கள். அப்புறம் மயங்கிய நிலையில் ஆட்டோவில் கொண்டுவருவார்கள். தீபாவளிக்குச் சில வாரம் முன்பே நீங்களே உடன் போங்கள். "விரதம் இருக்கலாமா?" என்று கேட்காதீர்கள். "அப்பா விரதம் இருக்கத்தான் போகிறார், எந்த மாத்திரையை எந்த வேளைக்கு மாற்றுவது, எதைக் குறைப்பது?" என்று கேளுங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள், அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். பிரஷர் மாத்திரையையும் காட்டுங்கள். அதில் சில வகை, லோ சுகரில் வரும் படபடப்பைத் தெரியாமல் மறைத்துவிடும். வியர்வையை மறைக்காது. கிட்னி, இருதயம் கெட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லலாம். அப்போது கேட்டுத்தான் ஆக வேண்டும்.

குளுக்கோமீட்டரில் காலை, மத்தியானம், பழம் சாப்பிடும் முன் பாருங்கள். உடம்பு ஒரு மாதிரி இருந்தால் எந்த நேரமானாலும் பாருங்கள். 70க்குக் கீழே போனால் அன்றைய விரதம் அத்தோடு முடிந்தது. மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறியதும் சாப்பாடு. கிளிமிபிரைடு போடுகிறவர்களுக்கு ஏறின சுகர் சில மணி நேரத்தில் மறுபடியும் இறங்கலாம், அதனால் தெளிந்துவிட்டாரே என்று விட்டுவிடாமல் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். 108ஐக் கூப்பிடுங்கள்.

எனக்கு ரொம்பப் பயம் அந்த ஆறாம் நாள்தான். வெறும் வயிறு, வெயில், கூட்டம். சம்ஹாரம் முடிய சாயங்காலம் ஆகிவிடும். அவ்வளவு ஜனத்துக்கு நடுவில் ஒருவர் பேச்சுக் குழறினால் யார் கவனிப்பார்கள்? சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். சுகர் இருக்கிறது, என்ன மாத்திரை, உங்கள் போன் நம்பர், இவற்றை ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். தனியாக அனுப்பவே வேண்டாம். பாதத்தில் மரமரப்பு இருந்தால் சுடுமணலில் வெறுங்காலோடு நடந்து கொப்புளம் வந்தாலும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் இரண்டு பாதத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள், விரல் இடுக்கு உட்பட.

காயல் வாசகர்:

அக்கா சொன்னது எங்கள் வீட்டில் ரமலானுக்கு நடப்பதுதான். உம்மாவுக்கு சுகர். நோன்புக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே டாக்டரிடம் போய்விடுவோம். காலை மாத்திரையை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றி, விடியலுக்கு முன் சாப்பிடும் சஹர் வேளை அளவைக் குறைத்து எழுதிக் கொடுப்பார். 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை முறித்துவிடச் சொல்லியிருக்கிறார். குர்ஆனிலேயே நோயாளிகளுக்குச் சலுகை இருக்கிறது, ஆனாலும் உம்மா விடமாட்டார்கள். முதலில் விரலில் குத்தினால் நோன்பு போய்விடும் என்று பயந்தார்கள். பள்ளிவாசல் ஆலிம் "முறியாது" என்று சொன்ன பிறகுதான் கையை நீட்டினார்கள். உங்கள் அப்பா மதிக்கிற குருக்களோ ஓதுவாரோ இருந்தால் அவரை விட்டு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்.

பாளை மகள்:

அக்காவுக்கும் காயல் அண்ணனுக்கும் ரொம்ப நன்றி. எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் குருக்களிடம் அம்மா பேசினார்கள். "மருந்துக்காகக் குடிக்கிறது விரதபங்கம் ஆகாது, மத்தியானம் பாலும் சேர்த்துக்கோங்க" என்று அவரே அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா முழு மனதாகச் சம்மதிக்கவில்லை, ஆனால் வியாழக்கிழமை டாக்டரிடம் வருகிறேன் என்றார். கிரியாட்டினின் டெஸ்டுக்கு நாளைக் காலை ரத்தம் கொடுக்கிறோம். திருச்செந்தூருக்கு இந்தத் தடவை நானும் லீவு போட்டுக்கொண்டு கூடப் போகிறேன்.