லண்டன் விமானம் ஆறரை மணி நேரமா, பன்னிரண்டா? அம்மாவின் இன்சுலினுக்காகக் கேட்கிறேன்

சுங்கை சிப்புட் மகள்: வணக்கம். டிசம்பரில் அம்மா லண்டனிலுள்ள தம்பி வீட்டுக்குத் தனியாகப் போகிறார். ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர்; விமானம் ஏறுவது இதுதான் முதல் தடவை. டிக்கெட்டில் கோலாலம்பூரில் இரவு 11.30க்குக் கிளம்பி, மறுநாள் காலை 6.00க்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது. ஆறரை மணி நேரம்தானே என்று நிம்மதியாக இருக்கிறார். போனில் தேடினால் 10,600 கி.மீ., 12 மணி நேரம் என்று வருகிறது. அம்மாவுக்குக் காலை 7, இரவு 7 என இரண்டு வேளை ஊசி. எதை நம்புவது?

ஈப்போ அண்ணன்: இரண்டையும் நம்ப வேண்டாம், தங்கச்சி. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். டிசம்பரில் லண்டன் நமக்கு 8 மணி நேரம் பின்னால். அங்கே காலை 6 என்றால் நம்மூரில் பிற்பகல் 2. இரவு 11.30லிருந்து எண்ணிப் பாருங்கள், பதினாலரை மணி நேரம். கோடையில் போனால் வித்தியாசம் 7 மணிதான், மறந்துவிடாதீர்கள்.

சுங்கை சிப்புட் மகள்: அப்படியென்றால் போன் ஏன் 12 என்கிறது, அண்ணே?

பழைய வாத்தியார்: அது தூரத்தை வேகத்தால் வகுத்த கணக்கு, அம்மா. பள்ளியில் பிள்ளைகளுக்கு உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்துக் காட்டுவேன். கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்கு இழுத்தால் நூல் வங்காள விரிகுடாவைத் தாண்டி, காசிப் பக்கமாக ஏறி, உஸ்பெகிஸ்தான், உக்ரைன் மேல் போகும். அதுதான் 10,600. ஆனால் 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைன் வானம் பயணிகள் விமானங்களுக்கு மூடியிருக்கிறது; சுற்றித்தான் போக வேண்டும். மேலே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்று வேறு, குளிர்காலத்தில் இன்னும் வேகம். போகும்போது அது எதிர்க்காற்று. திரும்பும்போது பின்னாலிருந்து தள்ளும், அதனால் வரும் பயணம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறையலாம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் டிக்கெட் கணக்கில் சேரும்.

ஓய்வு பெற்ற மிஸ்ஸி (நர்ஸ்): ஊசி விஷயத்துக்கு வருகிறேன். இரவு 7 மணி ஊசி வீட்டிலேயே முடிந்துவிடும். அடுத்த காலை 7 மணி, பறக்க ஆரம்பித்து ஏழரை மணி நேரம் கழித்து நடுவானில் வரும். சாப்பாடு கைக்கு வருமுன் போடக் கூடாது. லண்டன் போனபின் எந்த நேரம், எவ்வளவு அளவு என்பதை டிக்கெட்டோடு போய் டாக்டரிடமே எழுதி வாங்குங்கள். மருந்தும் டாக்டர் கடிதமும் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டியில் போட்டால் சரக்கறைக் குளிரில் இன்சுலின் உறைந்து கெட்டுவிடலாம். போன் ஊர் நேரத்துக்குத் தானாக மாறிவிடும், அதனால் கைக்கடிகாரம் ஒன்று கட்டிவிடுங்கள், இறங்கும்வரை மலேசிய நேரத்திலேயே ஓடட்டும்.

சுங்கை சிப்புட் மகள்: ரொம்ப நன்றி, மிஸ்ஸி. திங்கட்கிழமை கிளினிக்கில் டாக்டரைப் பார்க்கிறோம். பதினாலரை மணி என்றதும் அம்மா கொஞ்சம் பயந்தார். அப்புறம் காசிப் பக்கமாகப் போகும் நூலைச் சொன்னேன்; ஜன்னல் இருக்கை கேட்கச் சொல்கிறார்.