காப்பீட்டு அட்டை: மருமகள் பெயரை எப்படிச் சேர்ப்பது?

மதுரைக்காரங்க விவரம் சொல்லுங்க. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கூலிக் குடும்பத்துக்கு முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுக்கணும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்தான். விஏஓ தந்த வருமானச் சான்று, ரேஷன் கார்டு, எல்லாருடைய ஆதாரும் தயார்.

சிக்கல் ரேஷன் கார்டில். மருமகள் பெயர் இன்னும் அவங்க அம்மா வீட்டு கார்டில்தான் இருக்கு. அங்கே நீக்கினால்தான் இங்கே ஏறும். காப்பீடும் ரேஷன் கார்டில் இருக்கிறவங்களுக்குத்தான். மருமகளோ ஆறு மாசக் கர்ப்பிணி.

மத்தவங்களை இப்பவே பதிஞ்சிட்டு, மருமகளைப் பின்னாடி அதே அட்டையில் சேர்க்க முடியுமா? அதுக்கு கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டுப் பதிவு மையத்துக்குக் குடும்பமே திரும்ப வரணுமா, அவங்க மட்டும் போதுமா? ஒரு நாள் கூலி போகும், அதான் கேட்கிறேன். சமீபத்தில் சேர்த்தவங்க சொன்னா நல்லது.