30 புயல் வந்தா 30 மடங்கு அழிவா?

நீலத்திமிங்கலம்:
அட்லாண்டிக்ல 2020-ல மட்டும் 30 புயலுக்குப் பேர் வச்சாங்க. A, B-ன்னு எழுத்து வரிசையில வச்சிருந்த பேர்ப் பட்டியல் தீர்ந்துபோய் கிரேக்க எழுத்துக்குப் போனாங்க. புயல் கூடினா தரையில அழிவும் கூடும், இதுக்கு ஆராய்ச்சி வேற வேணுமா? 2005-ஐ எடுத்துக்குங்க. 28 புயல். புயல் பலத்தை 1-லேர்ந்து 5 வரைக்கும் அளக்குற அளவுகோல்ல உச்சமான கேட்டகிரி 5 கத்ரீனா வந்து அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை முழுங்கிட்டுப் போச்சு. இதுக்கப்புறமும் "எண்ணிக்கை முக்கியமில்லை"ன்னு இந்த விவாத இழையில ஒருத்தர் எழுதியிருக்கார் பாருங்க, அவருக்கு ஒரு கும்பிடு.

காற்றுமானி:
அந்த "ஒருத்தர்" நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கத்ரீனா கேட்டகிரி 5 ஆகக் கரையைக் கடக்கவில்லை. மூன்று. 3. மெக்சிகோ வளைகுடாவின் நடுவே ஆகஸ்ட் 28 அன்று 5, மணிக்கு 280 கி.மீ. மறுநாள் காலை லூசியானாவின் ப்யூராஸ் அருகே கரையைக் கடக்கும்போது சுமார் 200. அது 3.

எண்ணிக்கைக் கணக்குக்கு வருகிறேன். 1992 மந்தமான வருடம். ஆகஸ்ட் பாதி வரைக்கும் 'ஏ' எழுத்துப் பெயரே செலவாகவில்லை. அந்த முதல் பெயர் ஆண்ட்ரூ. ஆகஸ்ட் 24, மயாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட்டைத் தரைமட்டமாக்கியது. 2010-ல் 19 புயல், அதில் 12 ஹரிகேன், அதாவது கேட்டகிரி 1-ஐயாவது எட்டிய பலத்த புயல். ஒன்றுகூட ஹரிகேனாக அமெரிக்கக் கரையைத் தொடவில்லை. இப்போது சொல்லுங்கள், எண்ணிக்கை என்ன செய்தது?

நீலத்திமிங்கலம்:
அமெரிக்கா மட்டும்தான் தரையா சார்? மத்த இடமெல்லாம் தண்ணியில மிதக்குதா? அதே 2010-ல அலெக்ஸ் புயல் மெக்சிகோவுல மான்டெரேயை வெள்ளக்காடாக்கிச்சு. ஐகோர் கனடாவோட நியூஃபவுண்ட்லாந்து வரைக்கும் போய் ரோட்டையெல்லாம் அறுத்துப் போட்டுச்சு. உங்க கணக்குல இதெல்லாம் வராது.

அப்புறம், கத்ரீனா 5-தான். கடல்ல 5-ஆ எழுப்பின தண்ணி, காத்து குறைஞ்சதும் "சரி, நான் 3"ன்னு அடங்கிடுமா? மிசிசிப்பி கரையில கடல் 8 மீட்டருக்கு மேல எழும்பிச்சு. அது 3 செய்யிற வேலையா?

காற்றுமானி:
அளவுகோல் காற்றை மட்டும்தான் அளக்கிறது. நீங்கள் தண்ணீரைச் சொல்கிறீர்கள். காற்று 200. ஆகவே 3.

பழையபல்லி:
ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு குண்டு போடுறேன். அன்னைக்குக் காலைல தேசிய ஹரிகேன் மையம் வெளியிட்ட அறிவிப்புல கத்ரீனா 4. பல மாசம் கழிச்சு வந்த அறிக்கையிலதான் 3 ஆச்சு. நல்லா சண்டை போடுங்க, நான் டீ குடிச்சிட்டு வர்றேன்.

நீலத்திமிங்கலம்:
பாத்தீங்களா! 4-ஐ 3 ஆக்கினாங்க. ஆண்ட்ரூவையும் முதல்ல 4-ன்னு சொல்லிட்டு, பத்து வருஷம் கழிச்சு 2002-ல 5 ஆக்கினாங்க. நாளைக்கு கத்ரீனாவும் 5 ஆகலாம். காற்றுமானி அண்ணன் அப்போ எங்க போய் ஒளிவாரு?

காற்றுமானி:
ஆகும்போது பார்ப்போம். இன்று 3.

ஹூஸ்டன்வாசி:
பேசாம இருக்கலாம்னுதான் பார்த்தேன். 2017-ல ஹார்வி புயல் டெக்சாஸ்ல ராக்போர்ட் பக்கம் கேட்டகிரி 4-ஆ கரை ஏறிச்சு. எங்க பக்கம் வந்தப்போ வெறும் புயல், ஹரிகேனே இல்ல. ஆனா நகராம உக்காந்துக்கிட்டு நாள்கணக்கா கொட்டிச்சு. வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. 60 அங்குல மழைன்னு படிச்சிருப்பீங்க. இன்சூரன்ஸ்காரன் வந்து பார்த்துட்டு ஒரே வார்த்தை சொன்னான்: "இது காத்து இல்ல, வெள்ளம். வீட்டு பாலிசியில வெள்ளம் வராது." அதுக்குத் தனி பாலிசி எடுக்கணுமாம், எடுத்தாலும் 30 நாள் கழிச்சுத்தான் செல்லுமாம். புயல் கிளம்பினப்புறம் எடுத்து நாக்கு வழிக்கவா? 3-ஆ 5-ஆன்னு அவன் கேக்கவே இல்ல.

காற்றுமானி:
வருந்துகிறேன். ஆனால் ஒரு சிறு திருத்தம். அந்த 60 அங்குலம், சரியாகச் சொன்னால் 60.58, அதாவது 1,539 மி.மீ., ஹூஸ்டனில் பதிவானதல்ல. கிழக்கே உள்ள நெடர்லாந்து என்ற ஊரில்.

ஹூஸ்டன்வாசி:
ரொம்ப நன்றிங்க. இடுப்பு இப்போ காஞ்சிடுச்சு.

நீலத்திமிங்கலம்:
இவர் இப்படித்தான். ஹெலீன் புயல் வந்தப்போ "கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர், மலைப்பக்கம் ஒன்றும் ஆகாது"ன்னு எழுதினது யாரு? வட கரோலினாவுல ஆஷ்வில் மூழ்கினதும் அந்தப் பதிவை அழிச்சது யாரு? 2024 செப்டம்பர், நான் மறக்கல.

காற்றுமானி:
அழிக்கவில்லை. திருத்தினேன். நான் சொன்னது காற்றைப் பற்றி.

நீலத்திமிங்கலம்:
ஆமா, ஜனங்க காத்துலயா அடிச்சிட்டுப் போனாங்க?

மொட்டைமாடி:
நியூ ஆர்லியன்ஸை முழுக்கினது புயலே இல்லீங்க, தடுப்புக் கரை. வெள்ளத் தடுப்புச் சுவர் அடியோட பேர்ந்து விழுந்துச்சு. ஊர்ல 80 சதவீதம் தண்ணிக்குள்ள. வடிவமைப்புலயே கோளாறுன்னு கட்டின ராணுவப் பொறியாளர் படையே பிற்பாடு ஒத்துக்கிட்டாங்க. சுவர் நின்னிருந்தா இந்த இழையே இல்ல. எண்ணிக்கைக்கும் ஒரு வார்த்தை: 2020-ல லாரா லூசியானாவுல கூரையைப் பிய்ச்சது. ஜனங்க நீலத் தார்ப்பாய் கட்டி முடிக்கல, ஆறே வாரத்துல டெல்டா கிட்டத்தட்ட அதே இடத்துல வந்து தார்ப்பாயையும் கொண்டுபோச்சு. நிகரகுவாவுல ஈட்டா, அயோட்டான்னு ரெண்டு வாரத்துக்குள்ள ரெண்டு.

காற்றுமானி:
சுவர் விழுந்தது 3-க்கு என்றால் பொறியாளர் குற்றம். 5-க்கு என்றால் இயற்கையின் குற்றம். அதனால்தான் 3 என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். ஒருவருக்காவது புரிகிறதா?

பழையபல்லி:
டீ முடிஞ்சது. ஒரு சந்தேகம், ஹரிகேன்னு ஏன் எழுதுறீங்க? சூறாவளின்னு தமிழ்ல அழகா இருக்கே.

மொட்டைமாடி:
டார்னடோவையும் பேப்பர்காரன் சூறாவளின்னுதான் எழுதுறான். அப்போ அதுக்கு என்ன பேர் வைப்பீங்க?

பழையபல்லி:
சுழல்காற்று.

நீலத்திமிங்கலம்:
சுழல்காற்றுன்னா எதுவும்தான். என் ஃபேன் கூட சுழலுது.

காற்றுமானி:
இழையைத் திசைதிருப்ப வேண்டாம். கடைசியாகச் சொல்கிறேன். ப்யூராஸ். 29 காலை. மணிக்கு 200 கி.மீ. கேட்டகிரி 3.

நீலத்திமிங்கலம்:
ஹெலீன் இழையிலயும் "கடைசியா"ன்னு சொல்லிட்டு 14 பதிவு போட்டீங்க.

காற்றுமானி:
11. எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசவும்.