அம்மா தன் காரியத்துக்கு முன்கூட்டியே கட்டிய பணம், திரும்ப வாங்க முடியுமா?

அஸ்தம்பட்டிக்காரன்:
அம்மாவுக்கு 74 வயது. "என் காரியத்துக்கு யாரும் கடன் வாங்கக் கூடாது" என்று எங்களிடம் மூச்சுவிடாமல் சேலத்தில் ஒரு கடையில் மாதம் 1,500 வீதம் 24 மாதம் கட்டியிருக்கிறார். ஃப்ரீசர் பாக்ஸ், பந்தல், நாற்காலி, பாடை, சொர்க்க ரதம் எல்லாம் அதில் அடக்கமாம். கையில் இருப்பது ஒரு மஞ்சள் அட்டை, மாதாமாதம் ரப்பர் ஸ்டாம்ப், அடியில் பொடி எழுத்தில் "கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது". இப்போது கடை கைமாறிவிட்டது. புது ஆள், அது பழைய ரேட்டு, இன்னும் 20,000 கட்டுங்கள் என்கிறார். இதற்கு ஏதாவது சட்டம் இருக்கிறதா? அம்மாவோ பக்கத்து வீட்டு அக்காவையும் சேர்த்துவிடலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்!

கறுப்புக் கோட்டு:
இதற்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் கிடையாது. பிரிட்டனில் 2022 ஜூலை 29 முதல் நிதி ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதி இல்லாமல் இந்த மாதிரித் திட்டத்தை விற்கவே முடியாது, இங்கே பொதுச் சட்டங்களை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். உங்களுக்குக் கைகொடுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பேசிய விலைக்குச் செய்யமாட்டேன் என்றால் சேவைக் குறைபாடு என்று சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை (வக்கீல் நானே சொல்கிறேன்). அந்தப் பொடி எழுத்தைப் பிடித்துக்கொண்டு "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று மனுவைக் கட்டிவிடாதீர்கள், அந்த வகைப் புகார் மாநில ஆணையத்துக்குத்தான் போகும், சென்னைக்கு அலைய வேண்டும். முதலில் பழைய ஓனர், புது ஓனர் இருவருக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடம்தான் கெடு. அப்புறம், அம்மா பெயரிலேயே இப்போதே போடுங்கள். அவருக்குப் பின் வாரிசும் போடலாம்தான், ஆனால் என்ன பேசிப் பணம் கட்டினார் என்பதற்கு அவர்தானே சாட்சி.

ஏற்காட்டு மருமகள்:
அட்டையில் எந்த ஊர், எந்த மயானம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள் அண்ணா. எங்கள் மாமனாருக்கும் இப்படித்தான் "வண்டி அடக்கம்" என்றார்கள். அன்றைக்குப் பார்த்து, சேலம் ஆஸ்பத்திரி வாசலில் உடலை ஏற்றிய பிறகு, 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, மலைக்குத் தனி வாடகை என்று டிரைவர் நிற்கிறார். அந்த நேரத்தில் யார் சண்டை போடுவார்கள்? கேட்டதைக் கொடுத்தோம். அரசு ஆஸ்பத்திரி என்றால் 155377க்கு அடித்தாலே இலவச அமரர் ஊர்தி வரும், அதுவும் எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அஸ்தம்பட்டிக்காரன்:
ஊர் பெயரே இல்லை தங்கச்சி, "சொர்க்க ரதம் - 1" என்று மட்டும் இருக்கிறது. சார், புது ஆள் வாட்ஸப்பில் அனுப்பிய எஸ்டிமேட்டில் மொத்தத்துக்கும் 18% ஜிஎஸ்டி வேறு போட்டிருக்கிறார்.

கறுப்புக் கோட்டு:
அதை அழித்துவிடாதீர்கள். அடக்கம், தகனம், உடலைக் கொண்டுபோகும் வண்டி இதற்கெல்லாம் ஜிஎஸ்டியே கிடையாது, ஜிஎஸ்டி சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே இருக்கிறது. பந்தல், நாற்காலி வாடகை வேறு கதை. எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள், தரமாட்டார். அந்த மறுப்பையும் வாட்ஸப்பிலேயே வாங்கி வையுங்கள். அட்டையை இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்துவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.